நெல்லின் இலையும் விளைச்சலும்

(மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் மட்டாஞ்சேரியில் ஆற்றப்பட்ட உரை)

மட்டாஞ்சேரி பஜார் வீதியிலுள்ள அரிசி மண்டிகளில் வியாபாரிகள் சாக்கில் குத்தூசியைச் செலுத்தி, அதில் வரும் அரிசியை உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பது அன்றாடக் காட்சியாகும். நிறம் எப்படி, நொய் எவ்வளவு, ஈரம் உண்டா, புழுக்கல் பதம் சரியா என்று அவர்கள் பார்க்கின்றனர். அந்த அரிசியைத் தந்த பயிரின் இலை நிமிர்ந்து நின்றதா, துவண்டு கிடந்ததா என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. ஆயினும் அந்தச் சாக்கில் அரிசி எவ்வளவு நிரம்பும் என்பதைத் தீர்மானித்தவற்றுள் இலைக்கு முதன்மையான இடம் உண்டு.

இவ்வூரில் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. கேரளம் நெடுங்காலமாகவே வெளியூர் அரிசியை நம்பி வாழும் பிரதேசம். ஒரு காலத்தில் பர்மா அரிசி கொச்சித் துறைமுகத்தின் வழியே வந்து இறங்கியது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அவ்வரவு நின்றது. கொச்சியும் திருவிதாங்கூரும் அடைந்த உணவு நெருக்கடியை முதியோர் பலர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சென்றுள்ளனர். 1974-75-இல் கேரளத்தின் நெற்பரப்பு சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. மாநிலத்தின் அரிசித் தேவையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானதே இன்று உள்ளூரில் விளைகிறது. எஞ்சியிருக்கும் ஒவ்வொரு ஹெக்டேரும் எவ்வளவு தரும் என்ற கேள்வி இங்கே ஏட்டுக் கேள்வி ஆகாது.

இலை என்னும் தொழிற்சாலை

நெல்மணியின் எடையில் பெரும்பகுதி மாவுப்பொருள். அது மண்ணிலிருந்து வருவதன்று. காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சும் நீரையும் கொண்டு, சூரிய ஒளியின் துணையால் இலை செய்து தருவது. கதிர் வெளிவருவதற்கு முன் தண்டிலும் இலையுறையிலும் சேமித்த மாவுப்பொருள் மணிக்கு ஓரளவு வந்து சேருகிறது. எனினும் மணியை நிரப்புவதில் பெரும்பங்கு, பூத்த பிறகு இலைகள் அன்றன்று செய்யும் உணவுக்கே உரியது. அக்காலத்தில் உயிரோட்டத்துடன் இருப்பவை மேலேயுள்ள மூன்று இலைகளே. அவற்றுள் உச்சியில் கதிரை ஒட்டி நிற்பதைத் தமிழ்நாட்டு உழவர்கள் கண்ணாடி இலை என்பர். கதிருக்கு மிக அருகிலிருப்பதும், கடைசியாகத் தோன்றியதால் இளமையாக இருப்பதும், வெயிலை முதலில் ஏற்பதும் அதுவே. பூக்கும் தறுவாயில் இலைச்சுருட்டுப் புழுவோ பாக்டீரியா இலைக்கருகல் நோயோ அந்த இலையைக் கெடுத்தால் பதர் மிகுவதற்கு இதுவே காரணம். தூர் கட்டும் பருவத்தில் அதே அளவு இலை சேதமானால் பயிர் பெரும்பாலும் தேறிவிடும்.

இலை பெரிதாகவும் பலவாகவும் இருந்தால் விளைச்சல் பெருகும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடலாகாது. பொருளாதாரம் பயின்றோர் நன்கறிந்த குறைந்துசெல் விளைவு விதி வயலிலும் செயற்படுகிறது. ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் எத்தனை சதுர மீட்டர் இலை உள்ளது என்பதை இலைப்பரப்புக் குறியீடு என்பர். குறியீடு 1-இலிருந்து 3-க்கு உயரும்போது உற்பத்தி விரைந்து ஏறுகிறது. அதற்குமேல் ஏற்றம் தளர்கிறது. மேலடுக்கு இலைகள் ஒளியை மறைத்துவிடுவதால், கீழடுக்கு இலைகள் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தும் வேலையில்லாத ஊழியர்களைப் போலாகின்றன. ஆயினும் சுவாசித்தலால் உணவைச் செலவிட்டுக்கொண்டே இருக்கின்றன.

1953-இல் மோன்சி, சயேக்கி என்னும் இரு ஜப்பானிய அறிஞர்கள் பயிரடுக்கினுள் ஒளி எவ்வாறு தேய்கிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டினர். இலைகள் கிடைமட்டமாகப் பரவியிருந்தால் தேய்வுக் கெழு அதிகம், நிமிர்ந்திருந்தால் குறைவு. கெழுவை 0.7 என்று கொண்டால், விழும் ஒளியில் 95 விழுக்காட்டைப் பிடிக்க 4.3 மடங்கு இலைப்பரப்பே போதும். கெழு 0.4 ஆயின் 7.5 மடங்கு தேவை. மேலோட்டமாக நோக்குவோருக்குக் குறைந்த இலையில் வேலையை முடிக்கும் துவண்ட இலைப்பயிரே சிக்கனமானது என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. நெல்லின் தனியிலை ஒன்று நண்பகல் வெயிலில் ஏறத்தாழப் பாதியளவுக்குமேல் பயன்படுத்த இயலாதது; எஞ்சியது வீண். படுத்த இலை தன் பசிக்கு மேற்பட்ட வெயிலைத் தானே வாங்கிக்கொண்டு கீழிருப்பதைப் பட்டினி போடுகிறது. நிமிர்ந்த இலை சாய்வாக வெயிலை ஏற்று, மிச்சத்தைக் கீழே அனுப்புகிறது. அதே ஒளி அதிகமான இலைகளிடையே பங்கிடப்படுவதால் மொத்த உற்பத்தி கூடுகிறது. பங்கீடு சீராக இருந்தால் மொத்தமும் பெருகும் என்பதற்கு வேளாண்மையில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஒரு நிபந்தனை உண்டு. அதைப் பலர் விட்டுவிடுகின்றனர். மேற்கூறிய ஆதாயம் வெயில் மிகுந்த பருவத்திற்கே முழுமையாகப் பொருந்தும். மேகமூட்ட நாளில் ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் சிதறி வருவதால் பயிரின் உட்புறத்திற்கும் ஓரளவு செல்கிறது. மேலிலையும் தன் கொள்ளளவை எட்டுவதில்லை. ஆகவே நிமிர்ந்த இலையின் சிறப்பு கேரளத்தின் புஞ்சைப் பருவத்தில் வெளிப்படும் அளவுக்கு, தென்மேற்குப் பருவமழையில் வளரும் விரிப்புப் பருவத்தில் வெளிப்படுவதில்லை.

தழைச்சத்தும் குட்டை இரகங்களும்

இந்தியாவின் பழைய நெல் இரகங்கள் உயர்ந்து வளர்பவை. இலை நீண்டு வளைந்தவை. உரம் இல்லாத காலத்தில் அதில் குறையொன்றும் இல்லை. களையை நிழலால் அடக்கவும், மாட்டுக்கு வைக்கோல் தரவும், வெள்ளத்திற்குமேல் தலைநிமிர்த்தவும் அவ்வடிவம் உதவிற்று. தழைச்சத்தை மிகுதியாக இட்டபோதுதான் தொல்லை தொடங்கியது. இலை மேலும் நீண்டு துவண்டது. தாள் இளகிச் சாய்ந்தது. சாய்ந்த பயிரில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மணி நிரம்பாது போயிற்று. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஜி.இ.பி. 24 போன்ற புகழ்பெற்ற இரகங்களும் இதற்கு விலக்கல்ல.

இதற்கு மாற்றுத் தேடியே, 1950-களில் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தை மையமாகக் கொண்டு, ஜப்பானிய இனத்தையும் இந்திய இனத்தையும் கலக்கும் திட்டம் உலக உணவு வேளாண் நிறுவனத்தின் ஆதரவுடன் நடைபெற்றது. தமிழ்நாட்டில் அதன் கனியாக ஆடுதுறை நிலையத்திலிருந்து வந்தது ஏ.டி.டி. 27. ஜப்பானின் நோரின் 10 நெல்லுக்கும் ஜி.இ.பி. 24-க்கும் பிறந்த இந்த இரகம், 1960-களின் நடுப்பகுதியில் தஞ்சை மாவட்டக் குறுவைச் சாகுபடியின் தோற்றத்தையே மாற்றியது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஜப்பானிய அறிஞர் சுனோதா, உரத்தை ஏற்று விளைச்சலாக மாற்றும் இரகங்களில் இலை தடித்தும், குறுகியும், நிமிர்ந்தும், கரும்பச்சையாகவும் இருப்பதை எடுத்துக்காட்டியிருந்தார்.

பின்னர் தைவானின் தைச்சுங் நேட்டிவ் 1 வந்தது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் ஐ.ஆர். 8-ஐ வெளியிட்டது. இந்தோனேசியாவின் உயர்ந்த பீட்டா இரகத்தையும் தைவானின் குட்டையான டீ-ஜியோ-வூ-ஜென் இரகத்தையும் கலந்து கிடைத்தது அது. குட்டைத்தன்மை தரும் ஒரே மரபுக்கூறு தாளைக் குறுக்கியதோடு இலையையும் குறுக்கி நிமிர்த்தியது. 1968-இல் அகில இந்திய நெல் மேம்பாட்டுத் திட்டம் ஜெயாவைத் தந்தது. பட்டாம்பி நிலையத்திலோ தைச்சுங் நேட்டிவ் 1-இன் குட்டைத்தன்மையை உள்ளூர் பி.டி.பி. 10-இல் சேர்த்து அன்னபூர்ணா உருவாயிற்று, ஐ.ஆர். 8-ஐ அதே பி.டி.பி. 10-உடன் கலந்து ஜோதி பிறந்தது. மட்டாஞ்சேரி மண்டிகளில் ஆந்திரத்து ஜெயா என்ற பெயர் இன்றும் விலைபோகிறது. அப்பெயரைக் கேட்டு வாங்குவோர் பலருக்கு அது ஓர் இலை வடிவத்தின் வெற்றி என்பது தெரிந்திராது.

1989 முதல் சர்வதேச நெல் நிலையம் புதிய பயிர் வடிவம் ஒன்றை உருவாக்க முற்பட்டது. தூர் குறைவு, கதிர் பெரிது, இலை தடித்து நிமிர்ந்தது என்பன அதன் இலக்கணம். முதல் தலைமுறைப் பயிர்கள் ஏமாற்றின. கதிரில் மணிகளுக்கு இடம் ஏராளமாக இருந்தும் பலவும் பதராயின. கிடங்கைப் பெரிதாகக் கட்டியவர்கள் ஆலையின் திறனையும் சரக்கு செல்லும் பாதையையும் அதற்கேற்பப் பெருக்கவில்லை எனலாம். பின்னர் இந்திய இன இரகங்களுடன் மீண்டும் கலந்தே அக்குறை ஓரளவு தீர்ந்தது. சீனாவின் யுவான் லோங்பிங் 1997-இல் உயர்விளைச்சல் நெல்லுக்கு வகுத்த வடிவம் இன்னும் நுட்பமானது. மேல் மூன்று இலைகளும் நீண்டு, குறுகி, நிமிர்ந்து, ஓடம்போல் உட்குழிந்து, தடித்திருக்க வேண்டும். கண்ணாடி இலை ஏறத்தாழ 50 செ.மீ. நீளத்துடன் கதிருக்குமேல் உயர்ந்து நிற்க, கதிர் கீழே தாழ்ந்து தொங்க வேண்டும். மேலிருந்து முறையே 5, 10, 20 பாகை அளவே அவ்விலைகள் சாய்ந்திருக்கலாம். இவ்வளவு கறாரான அளவுகளைத் தையற்காரர் கூடக் கேட்பதில்லை.

2013-இல் இரு ஆய்வுக் குழுக்கள் வெவ்வேறு வழியாகச் சென்று ஒரே மரபணுவில் வந்து நின்றன. என்.ஏ.எல். 1 எனப்படும் அம்மரபணுவின் ஒரு வடிவம் கண்ணாடி இலையை அகலமாக்கிக் கதிரின் மணி எண்ணிக்கையையும் கூட்டியது. மற்றொரு வடிவம் இலையைத் தடிக்கச் செய்து ஒளிச்சேர்க்கை வேகத்தை உயர்த்தியது. அகலம் வேண்டுமா, தடிப்பு வேண்டுமா என்பது மண்ணையும் பருவத்தையும் பொறுத்ததாகவே இருக்கிறது. கண்ணாடி இலையின் பரப்புக்கும் கதிர் எடைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டென்று ஆய்வேடுகள் பல கூறுகின்றன. மாணவர்கள் அத்தொடர்பை எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும். தூர் குறைந்த பயிரில் இலையும் பெரிதாகும், கதிரும் பெரிதாகும். ஒரு கதிரின் எடை கூடியதாலேயே ஒரு ஹெக்டேரின் விளைச்சல் கூடிவிடாது.

பொக்காளி வயலில் இலைக்கு வேறு கணக்கு

இந்த அளவுகோல்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு மட்டாஞ்சேரிக்குத் தெற்கே கும்பளங்கி, செல்லானம் பக்கமோ, வடக்கே கடமக்குடி, ஏழிக்கரைப் பக்கமோ சென்றால் அளவுகோல்களே தடுமாறுகின்றன. அங்குள்ளவை காயலை ஒட்டிய பொக்காளி நிலங்கள். கோடையில் கடல்நீர் ஏறி உப்பாகும் அந்நிலத்தில் மழை தொடங்குவதற்கு முன்பே மண்ணைச் சிறு மேடுகளாகக் கூட்டுகின்றனர். ஜூன் மழை மேட்டின் உப்பைக் கழுவுகிறது. முளைகட்டிய விதையை மேட்டின்மேல் தெளித்து, ஏறத்தாழ ஒரு மாதம் கழிந்ததும் நாற்றோடு மண்ணைக் கொத்தி வயலெங்கும் பரப்புகின்றனர். இரசாயன உரம் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. அக்டோபரில் நீர் நிற்கும்போதே கதிரை மட்டும் அறுத்துவிட்டுத் தாளையும் இலையையும் நீரிலேயே விட்டுவிடுகின்றனர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதே வயல் இறால் வளர்ப்பு நிலமாகிறது.

பொக்காளி என்ற பெயரிலேயே உயரம் இருக்கிறது. மலையாளத்தில் பொக்கம் என்பது உயரம். பயிர் ஆளுயரத்தை எட்டுவதும் உண்டு. இலை நீண்டு வளைந்தது. முன்சொன்ன இலக்கணப்படி பார்த்தால் தேர்வில் தேறாத இலை. பாரம்பரிய இரகங்களின் விளைச்சல் ஹெக்டேருக்கு 2 டன்னுக்குக் குறைவாகவே பெரும்பாலும் இருந்துவந்துள்ளது. ஆனால் அந்த இலை அங்கே வேறு பணிகளைச் செய்கிறது.

முதலாவது, உப்பைச் சமாளிப்பது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஈயோ, பிளவர்ஸ் ஆகிய அறிஞர்கள் 1980-களில் நடத்திய ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. உப்பின் நச்சு தண்டு வழியே ஏறி இலையில் தங்குகிறது. விரைந்து செழித்து வளரும் உயர்ந்த இரகத்தில் அதே அளவு உப்பு அதிகமான இலைத்திசுவில் கரைந்து வீரியம் குறைகிறது. முதிர்ந்த இலைகள் உப்பை ஏற்று மடிய, இளம் இலைகள் காக்கப்படுகின்றன. பொக்காளியின் வேரும் உப்பை மேலே ஏறவிடாது ஓரளவு தடுக்கிறது. அத்திறனுடன் தொடர்புடைய மரபுப் பகுதி முதல் குரோமோசோமில் இருப்பதைக் கண்டு அதற்குச் சால்டால் எனப் பெயரிட்டனர், ஐ.ஆர். 29 இரகத்தைப் பொக்காளியுடன் கலந்து பெற்ற வரிசைகள் உலகின் பல நாடுகளில் உப்புநில நெல் ஆராய்ச்சிக்கு மூலப்பொருளாயின. ஆனால் மிகுந்த வளர்ச்சியால் உப்பைக் கரைக்கும் குணமும் குட்டைத்தன்மையும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. இலையைக் குறுக்கினால் உரத்திற்கு நல்லது, உப்பிற்குத் தீது.

இரண்டாவது, நீரும் களையும். வயலில் நீர் திடீரென உயரும்போது குட்டைப் பயிரின் இலை மூழ்கிவிடும். உயர்ந்த பயிரின் மேலிலைகள் வெளியே நிற்கும். களைக்கொல்லி தெளிக்காத நிலத்தில் நிழல் தரும் வளைந்த இலை களையெடுப்புக் கூலியை மிச்சப்படுத்துகிறது. பயிர்க்காலம் முழுவதும் மேகம் சூழ்ந்த விரிப்புப் பருவமாதலால், நிமிர்ந்த இலை தரக்கூடிய ஆதாயமும் இங்கே சுருங்கியதே.

மூன்றாவதே பொருளாதார நோக்கில் மிகச் சுவையானது. அறுவடைக்குப்பின் நீரில் விடப்படும் தாளும் இலையும் அழுகி நுண்ணுயிர்களை வளர்க்கின்றன. அவை இறாலுக்கு இரையாகின்றன. இறாலின் கழிவு அடுத்த ஆண்டு நெல்லுக்கு உரமாகிறது. அறுவடைக் குறியீடு என்பது மொத்த எடையில் மணியின் பங்கு. குட்டை இரகத்தில் அது உயர்வு, பொக்காளியில் தாழ்வு. தாழ்ந்த குறியீட்டை விரயம் என்று பாடநூல் கூறும். பொக்காளி விவசாயியின் கணக்கில் அது அடுத்த பருவத்திற்கான முதலீடு. நெல்லை மட்டும் டன் கணக்கில் நிறுத்து இந்நிலத்தை மதிப்பிடும் புள்ளிவிவரம் பாதிக் கணக்கையே எழுதுகிறது. நெல்விளைச்சல் குறைவு என்று காட்டும் அதே ஏடு இறால் வருவாயை மீன்வளத் துறையின் வேறோர் ஏட்டில் எழுதுவதால், இவ்விரண்டையும் ஒருங்கே பார்க்கும் அலுவலர் எவரும் பெரும்பாலும் இருப்பதில்லை.

இதனால் பொக்காளியின் உயர்ந்த இலையை ஒரு குறையுமற்றதாகப் போற்றிவிடலாகாது. முதிர்ந்ததும் பயிர் சாய்ந்து பின்னிக்கொள்கிறது. இடுப்பளவுச் சேற்றுநீரில் நின்று அறுப்போர் பெரும்பாலும் வயது முதிர்ந்த பெண்கள். அங்கே இயந்திரம் இறங்குவது கடினம். இளையோர் அவ்வேலைக்கு வருவதில்லை. வருவோரின் கூலியை நெல்லின் வருவாய் தாங்குவதில்லை. ஒரு நெல், ஒரு மீன் என்னும் பழைய ஒழுங்கைக் கைவிட்டு ஆண்டு முழுவதும் இறாலையே வளர்க்க நில உடைமையாளர் பலர் விரும்புவதன் காரணம் இதுவே. ஒரு காலத்தில் சுமார் 25,000 ஹெக்டேர் என மதிப்பிடப்பட்ட பொக்காளிப் பரப்பில் இன்று நெல் விளைவது சிறு பகுதியில்தான். 2008-09-இல் பெற்ற புவிசார் குறியீடு பெயருக்குக் காப்பளித்தது. வயலில் இறங்கி அறுக்கும் ஆளை அது தரவில்லை. நெல்லை விட்டவர்களின் வயலில் இறாலும் நிலைத்த செல்வமாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1990-களின் நடுவிலிருந்து கடலோர இறால் வளர்ப்பைத் தாக்கிவரும் வெண்புள்ளி நோய் பல குடும்பங்களைக் கடனாளியாக்கியுள்ளது.

மட்டாஞ்சேரியிலிருந்து சில மைல் தொலைவிலேயே வைட்டிலா நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1958-இல் தொடங்கப்பட்ட இந்நிலையம் பின்னர் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது. சூட்டுப்பொக்காளி, செறுவிரிப்பு ஆகிய உள்ளூர் நெல்களிலிருந்து தெரிந்தெடுத்து வைட்டிலா 1, 2 ஆகிய இரகங்களை அது முதலில் தந்தது. அடுத்து வைட்டிலா 1-ஐத் தைச்சுங் நேட்டிவ் 1-உடன் கலந்து வைட்டிலா 3-ஐ உருவாக்கியது. உப்பைத் தாங்கும் இலைக்கும் ஒளியைப் பங்கிடும் இலைக்கும் சமரசம் காணும் முயற்சியே அது. அதற்குப் பின் வந்த இரகங்களிலும் சாயாத தாள், நடுத்தர உயரம், உப்பைத் தாங்கும் திறன் ஆகியவற்றை ஒன்றுசேர்ப்பதே நோக்கமாக இருந்துவருகிறது. இதில் முழு வெற்றி இன்னும் கிட்டவில்லை. நடுத்தர உயரமுள்ள பயிர் எவ்வளவு நீரைத் தாங்கும், எவ்வளவு தாளை இறாலுக்கு விட்டுச்செல்லும் என்பன ஒவ்வொரு புதிய இரகத்திற்கும் வயலிலேயே விடை காணவேண்டிய வினாக்கள்.

உரமிடும் நிலங்களில் இலையைப் பார்த்தே செலவைக் குறைக்க வழி உண்டு. இலை வண்ண அட்டையை வயலுக்குக் கொண்டுசென்று, முழுதும் விரிந்த மேலிலையின் நிறத்தை அதனுடன் ஒப்பிட்டு, நிறம் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இறங்கியபோது மட்டும் யூரியா இடுவது இம்முறை. தமிழ்நாட்டில் வெள்ளைப் பொன்னிக்கு 3, பிற இரகங்களுக்கு 4 என்பது பரிந்துரை. இரகத்திற்கு இரகம் எண் மாறுவதே இலைப் பண்பின் முக்கியத்துவத்தை உணர்த்தும். இலை கரும்பச்சையாக இருக்க வேண்டும் என்று மூட்டை மூட்டையாகக் கொட்டுவோர் புகையானையும் குலைநோயையும் விருந்துக்கு அழைப்பவராவர். யூரியா மானியத்தின் ஒரு பகுதி இவ்வாறே ஆவியாகிறது.

குட்டநாட்டில் இன்று பரவலாகப் பயிராகும் உமா இரகத்தை எடுத்துக்கொள்ளலாம். மங்கொம்பு நிலையம் 1998-இல் வெளியிட்ட இந்நெல்லின் பெற்றோருள் ஒன்று, ஐ.ஆர். 8-இன் வழிவந்த குட்டை இரகமான மோ 6, மற்றொன்று பொக்காளி. உயர்விளைச்சல் இலக்கணத்தின்படி தேறாத இலையைக் கொண்ட நெல், கேரளத்தின் பெரிய நெற்களஞ்சியத்திற்கு இவ்வாறு தன் பங்கைத் தந்திருக்கிறது. அந்நெல்லின் மூல விதை ஏழிக்கரையிலும் கடமக்குடியிலும் மேடுகளில் ஆண்டுதோறும் முளைத்துக்கொண்டிருந்தால்தான் அடுத்த கலப்புக்கு அது கிடைக்கும். குளிர்பதனக் கிடங்கில் விதையைக் காக்கலாம். உப்பு மாறுவதும் நீர் உயர்வதும் கண்டு ஆண்டுதோறும் தேறிவரும் பயிரைக் கிடங்கில் காக்க முடியாது. கேரளத்தின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008-இல் இயற்றப்பட்டது. அது நிலத்தை நிரப்பிக் கட்டடம் கட்டுவதைத் தடுக்கிறது. நீர் நிறைந்த வயலில் நெல்லை விதைக்காமலே விட்டுவிடுவதற்கு மாற்று, அறுவடைக் கூலிக்கு உதவி, நெல்லையும் இறாலையும் ஒரே கணக்கில் காட்டும் மதிப்பீடு, அந்நிலத்துக்கேற்ற சிறு அறுவடை இயந்திரம் ஆகியவையே. எர்ணாகுளம், திருச்சூர், ஆலப்புழை மாவட்ட அலுவலர்களின் மேசையில் இவை வெவ்வேறு கோப்புகளாகவே இன்னும் கிடக்கின்றன.